பதினோராம் ஷரத்து

உத்தண்டி டோல்கேட்டுக்குச் சற்று முன்னால் இடதுபக்கம்.
சவுக்கு வேலி, நீல கேட்,
நீச்சல் குளம் என்று சொல்லப்பட்ட ஒரு தொட்டி.
வீடு உங்களுது சார், தரை மட்டும் டிரஸ்டுது
என்றார் எத்திராஜ்,
சட்டை உங்களுது, பட்டன் மட்டும் வேற ஆளுது
என்பதுபோல அவ்வளவு சாதாரணமாக.

நிலத்தோடு என்றால் மூன்றரைக் கோடி.
நிலமில்லாமல் அறுபத்தெட்டு லட்சம்.
சுகந்தி போனை எடுத்துக் கணக்குப் போட்டாள்.
சனி ஞாயிறு வாடகை,
அதில் புயல் மாதங்களைக் கழித்து,
பெருக்கித் துடைக்கிறவருக்குக் கழித்து
எட்டரை சதவீதம்.
வங்கியில் போட்டால் ஏழு.
அந்த ஒன்றரை சதவீதத்துக்குள்தான்
கடல் இருந்தது.

கடல் தெரியுமா என்று கேட்டேன்.
தெரியும் சார், தண்ணி டேங்க் மேல ஏறினா.
ஏறினேன். தெரிந்தது,
இரண்டு மாடிகளுக்கு நடுவே
வேட்டிக்கரை அகலத்துக்கு.

நீலாங்கரை சார்பதிவாளர் அலுவலகம், டோக்கன் நாற்பத்து மூன்று.
காத்திருந்த நேரத்தில் பத்திரத்தைப் படித்தேன்.
கொளத்தூர் மனைக்கு அப்பா வாங்கிய பத்திரத்தில்
ஒரு வரி உண்டு:
புத்திர பௌத்திர பாரம்பரியமாய்
சர்வ சுதந்திரமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது.
இதில் அதைத் தேடினேன்.
அது இருக்கவேண்டிய இடத்தில்
மிச்சமுள்ள இருபத்தாறு வருடம் நான்கு மாதம் இருந்தது.
முடிவில் காலி சுவாதீனம் ஒப்படைக்க
என்றும் இருந்தது.
காலி என்ற சொல்லின் மேல்
ரப்பர் முத்திரை பாதி விழுந்திருந்தது.

எனக்கு ஐம்பத்தொன்று.
கூட்டினால் எழுபத்தேழு.
அப்பா எழுபத்து நாலைத் தாண்டவில்லை.
அப்படிப் பார்த்தால்
மூன்று வருடம் உபரி என்றேன்.
சுகந்தி சிரிக்கவில்லை.
இன்னும் அழுத்துங்க என்றார் கிளார்க்.
மூன்றாவது தடவைதான்
என் கைரேகையை மெஷின் ஒத்துக்கொண்டது.

முதல் வருடம் ஒரு சனிக்கிழமை மிஞ்சவில்லை.
பிறந்தநாள்கள், கம்பெனிக் கும்பல்கள்,
கல்யாணத்துக்கு முன்னால் போட்டோ எடுக்க வந்தவர்கள்.
பொங்கலுக்கு நாம போலாமே என்றாள் மகள்.
பொங்கலுக்குத்தான் இரட்டை வாடகை.

மார்ச்சில் லீவு போட்டு
ஒரு செவ்வாய்க்கிழமை போனோம்.
குளியலறைக் கண்ணாடியில்
யாருடையதோ ஸ்டிக்கர் பொட்டு, வரிசையாக ஐந்து.
ஏசி கிரில்லை உப்பு தின்றிருந்தது.
மின்சார அட்டையில் இன்னும்
செ. டெரன்ஸ் பெர்னாண்டஸ், முதல் குத்தகைக்காரர்.
கரண்டு போனால் அவர் பெயரில்தான் போகிறது.
சுவரில் நானே டைப் செய்து ஒட்டிய தாள்:
துண்டுகளைக் கடற்கரைக்கு எடுத்துச் செல்லாதீர்.
நான் எடுத்துச் செல்லவில்லை.
ஈரத் தலையோடு திரும்பி வந்தேன்.

சுகந்தி தென்னங்கன்று ஒன்று கொண்டுவந்திருந்தாள்.
குட்டை ரகம், நாலாம் வருடம் காய்க்குமாம்.
பதினோராம் ஷரத்தை நினைவூட்டினேன்.
மனையில் உள்ள மரங்களும் இனி வைக்கப்படும் மரங்களும்
டிரஸ்டையே சேரும்.
காய்ப்பலன் மட்டும் நமக்கு.
நாலு போனா இருபத்தொண்ணு வருஷக் காய்,
கெட்டுப்போச்சா என்றாள்.

குழி வெட்ட வெட்ட மணல் சரிந்து மூடியது.
கல்லுப்பு ஒரு கை போட்டோம்.
கடல் பக்கத்தில் இருக்கும்போது
உப்பு எதற்கு என்று தெரியவில்லை,
நர்சரிக்காரர் சொன்னார், போட்டோம்.
யார் வீட்டுக் குழந்தையோ விட்டுப்போன
பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர் ஊற்றினாள்.

பதினொன்றுக்குள் காலி செய்யவும்
என்றும் அந்தத் தாளில் எழுதியிருந்தேன்.
மணி பத்தே முக்கால்.
படுக்கை விரிப்பை உதறி மடித்தோம்.
கேட்டைப் பூட்டி
சாவியை வழக்கமான இடத்தில் வைத்தேன்,
மீட்டர் பெட்டிக்குள்,
பெர்னாண்டஸ் அட்டைக்குப் பின்னால்.